நிழல் தரும் பள்ளி

நுழையும்முன்

வெயில் எல்லார்மீதும் ஒன்றுபோல விழுகிறது. ஆனால், எல்லாரையும் ஒன்றுபோல வருத்துவதில்லை. ஒரே திடலில் நிற்கும் பதினோராம் வகுப்பு மாணவரைவிட ஒன்றாம் வகுப்புக் குழந்தையை அது விரைவில் தளரச் செய்கிறது. எங்கே நிற்பது, எப்போது விளையாடுவது, எப்போது நீர் அருந்துவது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை பள்ளியில் குழந்தைக்கு இல்லை. எனவே, குழந்தையை வெயிலிலிருந்து காக்கும் பொறுப்பு, அம்முடிவுகளை எடுக்கும் பெரியவர்களையே சாரும். அப்பொறுப்பை நிறைவேற்றும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

உச்சிக்கு வரும் கதிரவன்

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கும் கடகரேகைக்கும் இடையில் அமைந்துள்ளது. இப்பகுதியில் உள்ள ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு இருமுறை, நண்பகலில் கதிரவன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்திலும் இது நிகழ்கிறது. கதிரவன் மீண்டும் தெற்கு நோக்கித் திரும்பும்போது, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இரண்டாம் முறை நிகழ்கிறது. அந்நாளில் திடலின் நடுவே ஒரு கோலை நட்டுவைத்தால், நண்பகலில் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். இதனை 'நிழலில்லா நாள்' என்பர்.

பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தனர் பண்டைத் தமிழர். வெயிலின் கொடுமை நாளின் எப்பகுதியில் மிகுகிறது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

வெயிலின் கடுமையை அளக்க எளிய வழியொன்று உண்டு. ஒருவரது நிழல் அவரது உயரத்தைவிடக் குறுகியிருக்கும்போது கதிர்கள் வலிமையாக விழுகின்றன. அப்போது நிழலை நாடுவதே நல்லது. சென்னையில் ஏப்ரல் இறுதியில் காலை 9 மணியளவிலேயே நிழல் ஆளின் உயரத்துக்குச் சமமாகிவிடுகிறது. பிற்பகல் 3 மணியைக் கடந்த பின்னரே அது மீண்டும் ஆளின் உயரத்தை மிஞ்சுகிறது. இவ்விரு பொழுதுகளுக்கும் இடைப்பட்ட காலம், ஏறத்தாழப் பள்ளி நாள் முழுவதுமே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒளியும் வெப்பமும்

கதிரவனால் குழந்தைக்கு விளையும் தீங்கு இருவகைப்படும். ஒன்று, புற ஊதாக் கதிர்களால் வருவது. மற்றொன்று, வெப்பத்தால் வருவது. புற ஊதாக் கதிர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, சூடாகவும் உணரப்படுவதில்லை. மெல்லிய மேகங்களை அவை ஊடுருவக்கூடியவை. ஆகையால், மூட்டமான நாளிலும் அவை தோலையும் கண்ணையும் தாக்கும். குழந்தையின் கண்வில்லை தெளிவானது; எனவே, பெரியவர்களின் கண்ணைவிட மிகுதியான புற ஊதாக் கதிர்கள் அதன் வழியே உட்புகுகின்றன.

இக்கதிர்களின் தீங்கைக் கடும் இழப்புகளின் வாயிலாக உணர்ந்த நாடு ஆஸ்திரேலியா. அங்குக் குடியேறியவருள் பெரும்பாலோர் வெயில் குறைந்த ஐரோப்பாவிலிருந்து வந்த வெளிர்நிறத் தோலினர். அந்நாட்டினருள் மூவரில் இருவருக்கேனும் 70 வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சட்டை அணிதல், வெயில்காப்புக் களிம்பு பூசுதல், தொப்பி அணிதல் ஆகிய மூன்றையும் வலியுறுத்தி 1981ஆம் ஆண்டில் அங்குப் பெரும் பரப்புரை தொடங்கியது. நாளடைவில் அது பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. 'தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை' என்பது அந்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் விதி. முகம், கழுத்து, காது ஆகிய மூன்றையும் மறைக்கும் தொப்பியே அங்கு ஏற்கப்படுகிறது. தொப்பி கொண்டுவராத குழந்தை நிழலில் மட்டுமே விளையாடலாம். ஆசிரியர்களும் திடலில் தொப்பி அணிந்து முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. குழந்தைக்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல், பள்ளியின் நடைமுறையையே மாற்றியமைத்தது இம்முயற்சியின் சிறப்பாகும்.

தமிழ்நாட்டுக் குழந்தைகளின் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி, தோல் புற்றுநோயிலிருந்து அவர்களைப் பெரிதும் காக்கிறது. ஆயினும், அந்நிறமி வெப்பத்தைத் தடுப்பதில்லை. ஆதலால், இங்கு முதன்மையான இடர் வெப்பமே.

குழந்தையின் உடல்

குழந்தை என்பது அளவில் சிறுத்த பெரியவர் அன்று. எடையோடு ஒப்பிடும்போது குழந்தையின் உடற்பரப்பு மிகுதி. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட உயரும்போது, அப்பரப்பின் வழியே வெப்பம் விரைந்து உடலுக்குள் செல்கிறது. வியர்த்துத் தணியும் ஆற்றலும் குழந்தைக்குக் குறைவு. விளையாட்டில் மூழ்கிய குழந்தைக்குத் தாகம் நினைவுக்கு வருவதில்லை. தலை சுற்றினாலும் அதற்குரிய காரணத்தைச் சொல்லத் தெரிவதில்லை.

வானிலை அறிக்கை கூறும் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், நேரடி வெயில் படாதவாறு அளக்கப்படுகிறது. அப்பெட்டி தரையிலிருந்து நான்கடிக்கும் மேலான உயரத்தில் அமைந்திருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையோ அந்த உயரத்தைக்கூட எட்டியிராது. அது நிற்பது திறந்தவெளி. அதன் முகத்துக்கு அருகில் இருப்பது வெயிலில் காய்ந்த தரை. எனவே, 38 பாகை செல்சியசு என்று அறிவிக்கப்படும் நாளில் அக்குழந்தை தாங்கும் வெப்பம் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை.

இடமும் காலமும்

வெயிலுக்கு அஞ்சிக் குழந்தைகளை வகுப்பறைக்குள்ளேயே அடைத்துவைப்பது தீர்வாகாது. எலும்பை வலுப்படுத்தும் வைட்டமின் 'டி' தோலில் உருவாவதற்கு ஒளி வேண்டும். பகல் வெளிச்சத்தில் வெளியே நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏற்படும் வாய்ப்பு குறைகிறது என்பதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே, வெளியே விளையாடுவதைத் தவிர்க்காமல், விளையாடும் பொழுதையும் இடத்தையும் தேர்ந்து அமைப்பதே அறிவுடைமை.

இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. காலையில் கட்டடத்தின் நிழல் மேற்குப் பக்கத்தில் விழும்; மாலையில் கிழக்குப் பக்கத்தில் விழும். காலை வழிபாட்டுக் கூட்டத்தை மேற்குப் பக்கத்துக்கு மாற்றினால், கண்கூச நின்று மயங்கிவிழும் நிலை பல குழந்தைகளுக்கு நேராது. தொடக்க வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையை முதற்பாடவேளையாகவோ இறுதிப் பாடவேளையாகவோ அமைக்கலாம். நண்பகலில் கட்டட நிழல் சுருங்கிவிடுவதால், அப்போது தாழ்வாரமும் மரத்தடியுமே புகலிடங்கள்.

மாநில அளவிலும் இத்தகைய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் கோடை வெப்பம் தணியாமையால், சூன் தொடக்கத்தில் திறக்கப்படவிருந்த தமிழ்நாட்டுப் பள்ளிகளின் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சூன் 12 அன்றும், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குச் சூன் 14 அன்றும் பள்ளிகள் திறக்கப்பட்டன. சிறு குழந்தைகளுக்கு மேலும் இரு நாள் வழங்கப்பட்டமை கருதத்தக்கது.

நீருக்கொரு மணி

கேரளத்தில் 2019ஆம் ஆண்டில் சில பள்ளிகள் புதிய வழக்கமொன்றைத் தொடங்கின. பாடவேளைக்கு மணி அடிப்பதுபோல, நீர் அருந்துவதற்கும் ஒரு மணி அடிக்கப்பட்டது. மணி ஒலித்ததும் எல்லாக் குழந்தைகளும் ஒருசேர நீர் அருந்தினர். பின்னர் இவ்வழக்கம் கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களுக்கும் பரவியது. எழுந்து நின்று அனுமதி கேட்கத் தயங்கும் குழந்தையின் அச்சத்தை அந்த மணி போக்கிவிடுகிறது.

ஆயினும், மணி மட்டும் போதாது. கழிப்பறைக்குச் செல்ல நேருமே என்று அஞ்சி, நீர் அருந்தாமலேயே நாளைக் கழிக்கும் குழந்தைகள் உள்ளனர். பெண் குழந்தைகளிடம் இத்தயக்கம் மிகுதி. கழிப்பறை தூய்மையாகவும் தாழிடத்தக்கதாகவும் இல்லாத பள்ளியில் குழந்தையின் புட்டி நிரம்பியபடியே வீடு திரும்பும். வெயிலைப் பற்றிய பேச்சு கழிப்பறையையும் உள்ளடக்கியதே.

மரம் என்னும் கூரை

தகரக் கூரை வெயிலை மறைத்தாலும், தான் பெற்ற வெப்பத்தைக் கீழே இருப்பவர்மீது உமிழ்கிறது. மரமோ இலைகளின் வழியே நீராவியை வெளியேற்றித் தன்னைச் சூழ்ந்த காற்றையும் குளிர்விக்கிறது. வேம்பும் புங்கமும் பின்பனிக்காலத்தை ஒட்டி இலையுதிர்த்து, கோடை முற்றுமுன் புதுத்தளிர் விட்டுத் தழைக்கின்றன. நிழல் மிகவும் தேவைப்படும் காலத்தில் அவை நிறைந்த இலையுடன் நிற்கின்றன. ஊர்ப் பொதுவிடங்களில் இம்மரங்களை வளர்த்த முன்னோரின் பட்டறிவு இதனால் புலனாகும்.

அரசனின் வெண்கொற்றக்குடை குடிமக்களைத் துன்பத்திலிருந்து காக்கும் பொறுப்பின் அடையாளம் என்னும் கருத்தைப் புறநானூற்றில் காணலாம். 'நிழல்' என்னும் சொல்லுக்கே 'அருள்' என்ற பொருளும் தமிழில் உண்டு. நிழல் தானாக விழுவது மட்டுமன்று. ஒருவர் மற்றொருவருக்கு அமைத்துத் தருவதும் ஆகும்.

இன்று நடும் கன்று நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும். அதனை நட்டு நீரூற்றும் பதினோராம் வகுப்பு மாணவர், அதற்குள் பள்ளியை விட்டுச் சென்றிருப்பார். அந்நிழலில் அமரப்போகும் குழந்தை இன்னும் பள்ளியில் சேரவில்லை. இன்று திடலில் நிற்கும் மரங்களும், பெயர் தெரியாத யாரோ அவ்வாறு நட்டுச் சென்றவையே.

தெரிந்து தெளிவோம்

வெயிலில் நின்ற குழந்தைக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே நிழலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, விசிற வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் நீரையோ உப்பு–சர்க்கரைக் கரைசலையோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பிதற்றலோ வலிப்போ மயக்கமோ ஏற்பட்டால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். அந்நிலையில் வாயில் எதுவும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்துக்கொண்டே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளித் திடலில் ஒரு கோலை நட்டு, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிழலின் நீளத்தையும் திசையையும் அளந்து அட்டவணைப்படுத்துக.

2. அவ்வட்டவணையைக் கொண்டு, வழிபாட்டுக் கூட்டத்துக்கும் தொடக்க வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளைக்கும் ஏற்ற இடத்தையும் நேரத்தையும் பரிந்துரைத்துத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.

3. 'நீர் அருந்தாமைக்குத் தாகமின்மை மட்டுமே காரணமன்று' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.