லக்சரிலிருந்து அஸ்வான் வரை: நைல் வழிப் பயணம்



நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. எகிப்தில் காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. பாயை விரித்தால் படகு நீரை எதிர்த்துத் தெற்கே போகும். சுருட்டிவிட்டால் நீரோட்டமே அதை வடக்கே கொண்டுவந்து சேர்க்கும். பழைய எகிப்தியர் தம் சித்திர எழுத்தில் தெற்குப் பயணத்துக்குப் பாய் விரித்த படகையும் வடக்குப் பயணத்துக்குப் பாய் இல்லாத படகையும் வரைந்தார்கள். கோயில்களுக்கான பெருங்கற்கள் வந்ததும் இந்த ஆற்றில்தான். அந்நாட்டின் நினைவுச்சின்னங்களைப் புரிந்துகொள்ளச் சாலையைவிட ஆறே நல்ல வழி.

பயணக் கப்பல்கள் பெரும்பாலும் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடுகின்றன. 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. மூன்று, நான்கு இரவுகளில் முடிந்துவிடும். லக்சரின் கோயில்களைவிட வழியில் தெற்கே வரும் கோயில்கள் பெரும்பாலும் வயதில் இளையவை என்பதைக் கவனிக்கலாம்.

லக்சர்தான் பழைய தீப்ஸ் நகரம். கதிரவன் எழும் கிழக்குக் கரையில் தெய்வங்களின் கோயில்கள், மறையும் மேற்குக் கரையில் மன்னர்களின் கல்லறைகள். கிழக்கே உள்ள கர்னாக், ஒரே மன்னர் கட்டிய கோயில் அல்ல. ஒருவர் கட்டியதோடு அடுத்தவர் சேர்த்து, முன்னவர் பெயரை அழித்துத் தம் பெயரைப் பொறித்து, பல நூற்றாண்டுகள் வளர்த்த வளாகம் அது. முதலாம் சேத்தியும் அவர் மகன் இரண்டாம் ராம்சேஸும் எழுப்பிய மண்டபத்தில் 134 தூண்கள் நிற்கின்றன. நடுவரிசைத் தூண்களின் உயரம் சுமார் 21 மீட்டர். அருகில் அரசி ஹட்ஷெப்சுட் நிறுத்திய ஒபிலிஸ்க் உள்ளது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல் தூண் அது. அதை வெட்டியெடுக்க ஏழு மாதங்கள் ஆனதாக அடிப்பீடத்திலேயே எழுதிவைத்திருக்கிறார் அரசி. கல் வந்தது அஸ்வானிலிருந்து. மேற்குக் கரையில் டேர் எல் பஹ்ரியில் உள்ள அவருடைய கோயிலில், இரண்டு ஒபிலிஸ்குகளை ஏற்றிய படகைப் பல படகுகள் இழுத்துவரும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கர்னாக்கைப் பார்த்தவர்கள் இந்தச் சிற்பத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறைக்குத்தான் புகழ் அதிகம். ஆனால் அது சிறியது. சுவரோவியங்களுக்காகப் போகிறவர்களுக்கு முதலாம் சேத்தியின் கல்லறையே உயர்ந்தது.

லக்சருக்கு வடக்கே, கப்பல் போகாத திசையில், கோப்டோஸ் என்ற பழைய ஆற்றுத்துறை உண்டு. ரோமானியர் காலத்தில் செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய இந்தியச் சரக்குகள் ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து இங்கே வந்து, படகேறி அலெக்சாந்திரியா போயின. அத்துறைமுகங்களில் ஒன்றான பெரனிகேயில் இந்தியத் தாழி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. மற்றொன்றான குசைர் அல் கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன.

லக்சரிலிருந்து தெற்கே போனால், எஸ்னாவில் அணை குறுக்கிடுவதால் நீர்ப்பூட்டுக்குள் நுழைந்துதான் கப்பல் மேலேறும். அங்குள்ள குனும் தெய்வத்தின் கோயில் இன்றைய தெருவைவிட ஏறத்தாழ 9 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. நகரம் அதைச் சுற்றி அவ்வளவு உயர்ந்துவிட்டது.

எட்ஃபுவின் ஹோரஸ் கோயில் கிட்டத்தட்ட முழுமையாக நிற்கிறது. பல காலம் மணலில் புதைந்து கிடந்ததே அதைக் காத்தது. கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடிந்த கட்டடம் இது. கட்டியவர்கள் தாலமி மன்னர்கள், மாசிடோனியக் கிரேக்க வழிவந்தவர்கள். எகிப்தியத் தெய்வத்துக்கு எகிப்திய முறையிலேயே கட்டி, ஃபாரோவைப் போலவே தங்களையும் செதுக்கிக்கொண்டார்கள். கீசாவின் பெரிய பிரமிடுக்கும் இந்தக் கோயிலுக்கும் இடையே 2,300 ஆண்டுகளுக்கு மேல் உண்டு. எகிப்தில் பார்ப்பதெல்லாம் ஒரே காலத்தவை என்ற எண்ணம் இங்கே உடைந்துவிடும்.

கொம் ஓம்போ முதலை முகத் தெய்வமான சோபெக்குக்கும் ஹோரஸுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்த இரட்டைக் கோயில். பாடம் செய்த முதலை உடல்கள் பக்கத்து அருங்காட்சியகத்தில் உள்ளன.

அஸ்வானில் கர்னாக் ஒபிலிஸ்கின் கல் பிறந்த குவாரியையே காணலாம். சுமார் 42 மீட்டர் நீள ஒபிலிஸ்க் ஒன்று, பாறையில் விரிசல் விட்டதால் பாதியில் கைவிடப்பட்டு அப்படியே படுத்திருக்கிறது. உளித்தடம் இல்லை, கடினமான டோலரைட் உருண்டைகளால் இடித்து இடித்தே கருங்கல்லைக் குடைந்திருக்கிறார்கள்.

1960 முதல் 1970 வரை கட்டிய அஸ்வான் உயர் அணை நைலின் ஆண்டு வெள்ளத்தை நிறுத்தியது. அணை நீரில் மூழ்காதபடி அபு சிம்பெல் கோயில்களை அறுத்தெடுத்து, முன்னிருந்த இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மறுபடி அடுக்கினார்கள். எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபிய மக்களும் ஊர்களை இழந்தார்கள். கோயில்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஃபிலே தீவின் ஐசிஸ் கோயிலும் அருகிலுள்ள அகில்கியா தீவுக்கு மாற்றப்பட்டது. அங்கே வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் ஏட்ரியன் வாசலைக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். அதன் சுவரில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 என்று நாள் கணிக்கப்பட்ட சித்திர எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. நாள் குறித்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளுள் இதுவரை கிடைத்த கடைசிக் கல்வெட்டு அதுதான். பிறகு அந்த எழுத்தைப் படிக்கும் அறிவே அழிந்துபோனது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன்தான் அதை மீண்டும் படிக்க வழி கண்டார்.