முகநூல் பக்கத்தை ஒப்படைக்குமுன் ஷரத்துகளைப் படியுங்கள்

வணிகப் பெருமக்கள் பலர் இன்று தம் கடையின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனிக்க நேரமின்றி, மாதக் கட்டணம் பேசி வெளி நிறுவனங்களிடம் விட்டுவிடுகின்றனர். விடுவதில் தவறில்லை. ஆனால் அந்நிறுவனத்தின் இணையதளத்தில் ‘விதிமுறைகளுக்குச் சம்மதிக்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் செய்வதும் ஓர் ஒப்பந்தமே. மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 10-ஏ பிரிவு.

விதிமுறைகளின் கடைசியில் ‘வழக்குகள் பெங்களூரு நீதிமன்ற எல்லைக்குட்பட்டவை’ என்பது போல ஒரு வரி இருக்கும். நமக்குப் புதிதல்ல, நம் பில்லின் அடியில் நாமே அச்சிடுவதுதான். இதுபற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று நம் சேலத்துச் சரக்கால் வந்தது. ஜரிகை நூல் வாங்கிய ஏ.பி. ஏஜென்சீஸ், சேலம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. விற்ற ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனியோ, ‘கைரா நீதிமன்ற எல்லைக்குட்பட்டது’ என்ற ஷரத்தைக் காட்டி, குஜராத்துக்குத்தான் வரவேண்டும் என்றது. ‘மட்டும்’ என்பது போன்ற விலக்குச் சொல் அதில் இல்லாததால் சேலத்திலும் வழக்கு நடக்கலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை நம்பி இன்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அச்சொல் இல்லாவிட்டாலும் மற்ற நீதிமன்றங்களை விலக்கும் எண்ணத்தை ஊகிக்கலாம் என்று 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்காக வெளியூருக்கு நடக்க விருப்பமில்லையென்றால், பணம் கட்டுமுன்பே அந்த வரியை மாற்றக் கேட்க வேண்டும். நம்மூர் நீதிமன்றத்திற்கு அந்த வழக்கை விசாரிக்க இயல்பாகவே அதிகாரம் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க. இல்லாத அதிகாரத்தை ஒப்பந்தத்தால் கொடுக்க முடியாது.

அடுத்தது படங்கள். நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, நாமே முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அந்த ‘வேறு ஒப்பந்தம்’தான் விதிமுறைகளுக்குள் ஒளிந்திருக்கும். விளம்பர வாசகங்கள் அவர்கள் எழுதியவை. அவற்றின் உரிமை நமக்கு வேண்டுமானால் கையெழுத்துடன் எழுதி வாங்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் வாங்கினால் ஐந்தாண்டுதான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பக்கம் யார் பெயரில் திறக்கப்பட்டது என்பது. அவர்களுடைய கைபேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் திறந்திருந்தால், மனக்கசப்பு வந்த அன்றே கடையின் பெயர்ப்பலகை அடுத்தவர் கையில்! நம் எண்ணிலேயே திறந்து, முழு நிர்வாக அதிகாரத்தை நாம் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு வேலைக்கான அனுமதி மட்டும் தரலாம்.

கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா, விளம்பரத்திற்குச் செலுத்தும் தொகை தனியா, நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு, தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறவும். டிக் செய்த அன்றே விதிமுறைப் பக்கத்தை அச்செடுத்து, தேதியிட்டுக் கோப்பில் வைக்கவும். இணையதளத்தில் அவர்கள் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.