ஏட்டில் அடங்காத இசை

அங்கேரி நாட்டில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர் பேலா பார்த்தோக். பியானோ வாசிப்பதில் வல்லவர். இசை இயற்றுவதில் அதனினும் வல்லவர். இருபத்தைந்து வயதை ஒட்டிய காலத்தில் இவர் தம் நண்பர் சோல்த்தான் கோடாயைப் போலவே சிற்றூர்களுக்குச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டலானார். உடன் கொண்டுசென்றது போனோகிராப் என்னும் ஒலிப்பதிவுப் பெட்டி. பாடுவோர் அதன் கூம்பு வாயின்முன் நின்று பாடுவர். சுழலும் மெழுகுருளையின்மேல் ஊசியானது அவ்வொலியைக் கீறிப் பதிக்கும். ஓர் உருளையில் சில நிமிடப் பாடலே அடங்கும். பின்னர் அவ்வுருளையை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தோக் சுரக்குறிகளால் எழுதுவார். குரலைச் சற்றே வழுக்கி இறக்கும் நயமும், இரு சுரங்களுக்கு இடையே நின்றொலிக்கும் நுண்சுரமும் அக்குறிகளுள் முழுமையாக அமையமாட்டா. கமகம் பயின்ற தமிழ் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒலிப்பதிவின் அருமையை இங்ஙனம் உணர்ந்திருந்த அவருக்கே, பின்னாளில் ஒலித்தட்டின் சிறுமை ஓர் இடுக்கண் ஆயிற்று. 1938-ஆம் ஆண்டில், புகழ்பெற்ற அங்கேரி வயலின் கலைஞர் யோசெப் சிகெத்தி அவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். அமெரிக்காவில் ஜாஸ் இசையில் பெயர் பெற்ற கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் பொருட்டு, வயலின், கிளாரினெட், பியானோ ஆகிய மூன்றும் சேர்ந்து வாசிக்கத்தக்க ஓர் இசை வேண்டும் என்பது கடிதத்தின் கருத்து. ஒரு சிலரே கூடி, ஒவ்வொரு கருவியையும் ஒருவரே வாசிக்கும் இவ்வகை இசையை மேனாட்டார் அறையிசை என்பர். அன்றியும், அஃது ஆறேழு நிமிட அளவினதாய், பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரு பக்கங்களில் பொருந்துமாறு இரு பகுதிகளாக இருத்தல் நலம் என்றும் சிகெத்தி வேண்டினார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்காலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு நான்கு அல்லது ஐந்து நிமிடமே இடமுண்டு.

பார்த்தோக் எழுதி முடித்தபோது அது மூன்று பகுதிகளாகி, ஏறத்தாழப் பதினேழு நிமிட அளவிற்று. இசையைத் தட்டுக்கேற்பக் குறுக்க அவர் உடன்படவில்லை. சிறு குழந்தைக்குச் சட்டை கேட்டால், பெரியவர்க்கு உரிய உடுப்பை அனுப்பும் விற்பனையாளனைப்போல் தாம் நடந்துகொண்டதாக நகைச்சுவைபட எழுதினார். 1939 சனவரியில் நியூயார்க்கு நகரில் இரு பகுதிகளே அரங்கேறின. பின்பு இடைப்பகுதியும் சேர்ந்து, ‘முரண்கள்’ என்று பொருள்படும் பெயரைப் பெற்றது அவ்விசை.

அதன் மூன்றாம் பகுதியின் தொடக்கம் விந்தையானது. வழக்கமாக மேனாட்டு வயலினில் அடுத்தடுத்த தந்திகள் சட்சமமும் பஞ்சமமும் போல் இணக்கமாக ஒலிக்கும். பார்த்தோக் கீழ்த்தந்தியை அரைச்சுரம் ஏற்றியும், மேல்தந்தியை அரைச்சுரம் இறக்கியும் வைக்கச் சொன்னார். ஆகவே முதல் இரண்டு தந்திகளும், கடைசி இரண்டு தந்திகளும் சட்சமமும் பிரதிமத்திமமும் போலத் தம்முள் உறழ்ந்து நிற்கும். வில் அவற்றின்மேல் ஒருசேரப் படும்போது, நாட்டுப்புறக் கூத்து ஒன்று தாறுமாறாகத் தொடங்கியது போலத் தோன்றும். சிறிது நேரம் சென்றதும் வயலினர் அக்கருவியை வைத்துவிட்டு, முறைப்படி சுருதி கூட்டிய வேறொரு வயலினை எடுத்து வாசிப்பார். முதன்முறை கேட்போர் சுருதி பிழைத்ததென்றே எண்ணுதல் கூடும். மறுமுறையும் மும்முறையும் கேட்டவரே அப்பிழை வேண்டுமென்று செய்தது என்பதை அறிவர். அரங்கில் ஒருமுறை கேட்டுச் செல்வோர்க்குக் கிட்டாத இவ்வாய்ப்பைத் தட்டு நல்கியது.

1940 மே மாதம் சிகெத்தி, குட்மன், பார்த்தோக் மூவரும் நியூயார்க்கில் இவ்விசையைக் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தனர். ஐரோப்பாவில் அப்போது போர் மூண்டிருந்தது. இசைப் பயணமாக வந்திருந்த பார்த்தோக் அங்கேரிக்கு மீண்டு, அவ்வாண்டு அக்டோபரில் மனைவியுடன் தாய்நாட்டை விட்டு நீங்கினார். பின்னர் அந்நாட்டை அவர் காணவேயில்லை. 1945 செப்டம்பர் 26-ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். இயற்றியவரே பியானோ வாசித்த அப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. எவ்விடத்தில் விரைதல் வேண்டும், எவ்விடத்தில் தயங்கல் வேண்டும் என ஐயுறும் கலைஞர்க்கு அதுவே சான்று.

அவர் 1944-இல் யெகூதி மெனுகினுக்கு எழுதிய தனிவயலின் இசைக்கு அத்தகைய சான்று இல்லை. அதன் இறுதிப் பகுதியில் அரைச்சுரத்தினும் நுண்ணிய கால்சுரங்களை வைத்திருந்தார். அவை கடினமெனின் வேறு வகையாக வாசிக்கவும் இடந்தந்தார். மெனுகின் பதிப்பித்த நூலில் கால்சுரங்கள் விடுபட்டன. அவ்விசையை அவர் 1947-இல் பதிவு செய்தபோது பார்த்தோக் உயிருடன் இல்லை. கையெழுத்துப்படியில் உள்ள வடிவம் 1994-இல் அச்சேறிய பின், சிலர் கால்சுரங்களுடனும் சிலர் அவையின்றியும் வாசித்து வருகின்றனர்.