உடலின் அரண்

மதிலும் படையும் நாட்டைக் காக்கின்றன. நம் உடலுக்கும் அத்தகைய காவல் உண்டு. தோல் மதிலாக நிற்கிறது. அதனைக் கடக்க முயலும் நுண்ணுயிர்களைச் சில புரதங்கள் எதிர்க்கின்றன.

கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் அத்தகைய புரதம். 1922ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதனை உலகிற்கு அறிவித்தார். பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. லைசோசைம் அச்சுவரின் பிணைப்புகளை வெட்டுகிறது. சுவர் நலிந்ததும் நீர் உட்புகுகிறது. பாக்டீரியா வெடித்து அழிகிறது. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆதலால் அவற்றிற்குத் தீங்கு நேர்வதில்லை. பகையை அழித்துத் தம்மவரைக் காப்பதே நல்ல படைக்கலத்தின் இயல்பு.

ஈரத்தோல் கொண்ட தவளைகளுக்கும் இத்தகைய காவல் உண்டு. குண்டலுபேட்டையிலிருந்து பந்திப்பூர்க் காட்டைக் கடந்து சென்றால் கேரளத்தின் வயநாட்டை அடையலாம். வயநாடு மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அம்மலைத்தொடரில் வாழும் ஒருவகைத் தவளையின் தோல்சுரப்பைத் திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தினரும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தினரும் ஆராய்ந்தனர். அதிலிருந்த சிறு புரதத்துண்டு ஒன்று, எச்1 வகை இன்ஃபுளுவென்சா வைரஸ்களை அழிப்பதை 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர். அது வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தண்டுப்பகுதியைத் தாக்குகிறது, வைரஸ் சிதைந்துபோகிறது. மனிதரின் சிவப்பணுக்களுக்கோ அது தீங்கு செய்யவில்லை. நோயுற்ற எலிகளையும் அது காத்தது.

அதற்கு ‘உறுமின்’ என்று பெயரிட்டனர். தமிழில் உறுமி என்பது ஓர் இசைக்கருவி. கேரளத்திலோ அச்சொல் வளைந்து சுழலும் வாளைக் குறிக்கும். அவ்வாளின் பெயரே இப்புரதத்திற்கு வாய்த்தது.

எலிகளுக்குப் பயன்பட்டது மனிதருக்கு மருந்தாவதற்கு நெடிய ஆய்வு வேண்டும். அதுவரை அத்தவளைகள் வாழும் காடும் நீர்நிலையும் நிலைத்திருக்க வேண்டும். ஓர் உயிரினம் அழிந்தால், அதன் உடலில் மறைந்துள்ள மருந்தும் நாம் அறியுமுன்னரே அழியும்.

சொற்பொருள்
அரண் – காவல், கோட்டை
நலிதல் – வலிமை குன்றுதல்
படைக்கலம் – போர்க்கருவி

பயிற்சி
அ. விடை எழுதுக.
1. லைசோசைம் நம் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யாதது ஏன்?
2. உறுமின் எப்பகுதியைத் தாக்குகிறது?
3. ‘உறுமி’ என்னும் சொல் தமிழிலும் கேரளத்திலும் எவற்றைக் குறிக்கிறது?

ஆ. பிரித்து எழுதுக.
1. அச்சுவர் 2. ஈரத்தோல் 3. இசைக்கருவி

இ. சிந்தித்து எழுதுக.
உம் ஊரின் குளத்தில் தவளைகள் வாழ நீவிர் செய்யத்தக்கவை யாவை? ஐந்து வரிகளில் எழுதுக.