கடை வாசல் கேஸ் அடுப்பைச் சுத்தம் செய்தலும் பராமரித்தலும்

மளிகை வியாபாரத்தோடு வாசலில் டீயும் வடையும், மாலையில் புரோட்டாவும் போடும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. வாசலை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு. யார் நடத்தினாலும் அடுப்புக்கு நாலடி பின்னால் இருப்பது நமது எண்ணெய் டின்னும், அட்டைப் பெட்டியும், சாக்கு மூட்டையும்தான். எனவே அந்த அடுப்பின் பராமரிப்பை மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், கடைக்காரரே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தீயின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். நீலமாக, சீராக எரிந்தால் கேஸும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றன என்று பொருள். மஞ்சளாக நாக்கு நீட்டி எரிந்தால் காற்று போதவில்லை. அப்போது கேஸ் முழுதாக எரியாமல் பாத்திரத்தின் அடியில் கரி படிகிறது. அந்தக் கரி, சூடு உள்ளே போவதைத் தடுக்கிறது. பால் பொங்க நேரமாகிறது என்று தீயைக் கூட்டுகிறோம். இப்படிப் பத்தில் ஒரு பங்கு வீணானாலும், பத்து சிலிண்டர் வாங்கினால் ஒன்று காற்றோடு போயிற்று என்று கணக்கு. வர்த்தக சிலிண்டர் 19 கிலோ. அதன் விலையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு அடுப்புக்கு இல்லாத தொல்லைகள் வாசல் அடுப்புக்கு உண்டு. தெருத் தூசி, சாரல், பொங்கி வழியும் பால், கல்லிலிருந்து சொட்டும் எண்ணெய் எல்லாம் பர்னர் ஓட்டைகளை அடைக்கும். சில நாள் கடை அடைத்திருந்தால் காற்று நுழையும் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டிவிடும்; குளவி மண் கூடு வைப்பதும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பியதும் பற்ற வைத்த தீ, பர்னரில் எரியாமல் ‘டப்’ என்று கீழே ஜெட் பக்கம் இறங்கி எரிந்தால், உடனே மூடிவிட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை சிலிண்டர் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, அடுப்பு நன்றாக ஆறிய பின் பர்னரை எடுத்து சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிட்டு, வெயிலில் ஈரம் போகக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளை ஜெட்டின் துவாரத்தைக் கோணி ஊசியாலோ கம்பியாலோ குடையக் கூடாது. துவாரம் கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அதிகம் பாயும், மஞ்சள் தீ நிரந்தரமாகிவிடும். அடைப்பு போகாவிட்டால் அதே அளவில் புது ஜெட் வாங்கிப் போடுவதே லாபம்.

புரோட்டாக் கல்லை மிதமான சூட்டில் சுரண்டி, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். காயும் கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கல் விரிசல் விடும் அல்லது வளையும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். உதிரும் கம்பி வாடிக்கையாளர் தொண்டைக்குப் போகும். கல்லுக்கு அடியில் தேங்கும் எண்ணெய்க் கசடைத் தினமும் வழித்தெடுக்க வேண்டும். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை மூடிவிட்டு, மூடியாலோ மணலாலோ அமுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! டியூப் வெடித்தால் சைக்கிள் டியூப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள டியூபையும் ஐந்து ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். எண்ணெயும் சூடும் படும் கடைகளில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

கேஸ் குறைந்தால் சிலிண்டரைப் படுக்க வைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் பல கடைகளில் வழக்கம். படுக்க வைத்தால் திரவமே டியூபில் ஏறும்; அது ஆவியானால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். பெரிய அடுப்புக்கு ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுப்பதால்தான் அது குளிர்ந்து போகிறது. முறையான இணைப்பில் இரண்டு சிலிண்டர் வைத்தால் அந்தத் தொல்லை குறையும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சாக்கடை ஓரமோ, படிக்கட்டின் அடியோ சிலிண்டருக்கு இடமல்ல. காற்றுக்குத் தகரம் மறைத்தால் அடுப்பை மட்டும் மறையுங்கள், சிலிண்டரையும் சேர்த்து அடைக்காதீர்கள்.

சிலிண்டர் இறக்கும்போது எடை போட்டு வாங்குங்கள்; காலி எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். தராசு நம்மிடம் இருக்கிறது, ஆனாலும் அதை நாம் வாடிக்கையாளருக்கே பயன்படுத்துகிறோம். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் சோதனைத் தவணையும் இருக்கும். ‘பி 28’ என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு. தவணை கடந்ததைத் திருப்பி அனுப்பலாம். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது 2000-ஆம் ஆண்டு ஆணைப்படி குற்றம்.

இரவு அடைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடி, டியூபில் மிஞ்சியது எரிந்து அணைந்த பின் அடுப்பின் குமிழை மூடுங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். ஷட்டரையும் கதவுகளையும் முழுதாகத் திறந்து, சிலிண்டரை மூடி, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, தெருவில் நின்று 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.