முன்சக்கரக் காருக்கு எந்த எல்எஸ்டி?

செஞ்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பழைய போலோவுக்கு எந்த எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போடலாம் என்று கேட்டிருந்தாய். விலையைப் பார்க்கும் முன், அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்.

ஐப்பசி மழையில் ராஜகிரி அடிவாரத்து வயல்பாதையில் கார் ஏறுகிறது என்று வை. இடது டயர் சேற்றில், வலது டயர் கெட்டி மண்ணில். சாதா டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். சேற்று டயர் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்குமென்றால், கெட்டி மண்ணில் நிற்பதற்கும் அதே 100தான். வளைவில் வேகமாகத் திரும்பும்போதும் இதுவே நடக்கிறது. எடை வெளிப்பக்கம் சாய, உள்சக்கரம் பிடிப்பிழந்து வீணே சுற்றும்.

இதைச் சரிசெய்வதுதான் எல்எஸ்டி. அதில் ஹெலிகல் வகையில், சாய்பல் கியர்கள் கூட்டோடு உரசிப் பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை அனுப்பும். அது விசையைப் பகிரும் விகிதம் 2.5 என்றால், 100-க்கு எதிரே 250 கிடைக்கும். தேய்கிற பிளேட் கிடையாது; ஸ்டியரிங்கையும் அவ்வளவாக இழுக்காது. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால், தூக்கிய சக்கரத்துக்கும் ஒரு எதிர்ப்பு கிடைத்து, மற்றது இழுக்கும்.

பிளேட் வகையில் ஸ்பிரிங் அழுத்தம் எப்போதும் இருப்பதால், சக்கரம் தூக்கினாலும் இழுவை போகாது. குழியும் கல்லுமான மண் ரேலிக்கு அதுதான் சரி. ஆனால் பிளேட் தேயும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். நம் காரில் இழுப்பதும் திரும்புவதும் அதே முன்சக்கரங்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது அதிகமானால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், கார் வளைவைவிட்டு வெளியே தள்ளும். காசு மிச்சமென்று டிஃபரன்ஷியலை வெல்டு அடிக்கச் சொல்பவன் பேச்சைக் கேட்காதே. அந்தக் கார் ரோட்டில் ஒழுங்காகத் திரும்பாது.

புதுக் கார்களில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் எலக்ட்ரானிக் ஏற்பாடு உண்டு. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று பிரேக் சூடேறும்.

நீ ஓட்டப்போவது பந்தய வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய கோவை செட்டிப்பாளையம் தார் டிராக்கில். மறுநாள் அதே காரில் கல்லூரிக்குப் போகிறாய். உனக்கு ஹெலிகல்தான். அதற்கும் முன்னால் நல்ல டயர் போடு, தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்களை மாற்று. அப்படியும் உள்சக்கரம் சுழன்றால், எல்எஸ்டி போடக் கியர்பாக்ஸைப் பிரி. பிரிக்கிற கையோடு பேரிங், ஆயில் சீல், கிளட்ச் மூன்றையும் பார்த்துவிடு. இரண்டாவது தடவை பிரிக்கிற கூலி மிச்சமாகும்.

அன்புடன்,
மாமா