பைத்தானில் நட்சத்திர இம்போர்ட்டை அகற்றுவது எப்படி?

"ஃப்ரம் ஓஎஸ் இம்போர்ட் *" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த மாட்யூலின் பெயர்கள் கும்பலாக உங்கள் ஃபைலுக்குள் வந்துவிடும். எது எங்கிருந்து வந்தது என்பது படிப்பவருக்குத் தெரியாது. டைப் செக்கருக்குத் தெரியும். விஎஸ் கோட் எடிட்டரில் பைலான்ஸ் எக்ஸ்டென்ஷனுக்குள் இயங்கும் பைரைட் என்ற டைப் செக்கரின் துணையோடு நட்சத்திரத்தை நீக்கலாம்.

1. சோதனையை இயக்குங்கள். செட்டிங்ஸில் "டைப் செக்கிங் மோட்" என்பதை "ஸ்டாண்டர்ட்" ஆக்குங்கள். "ஆஃப்" நிலையில் டைப் பிழைகள் கண்ணில் படாது.

2. உள்ளே வருபவை எவை என்று பாருங்கள். மாட்யூலில் __ஆல்__ பட்டியல் இருந்தால் அதிலுள்ள பெயர்கள் மட்டுமே வரும். இல்லாவிட்டால், அடிக்கோட்டில் தொடங்காத எல்லாப் பெயர்களும் வரும். பைரைட் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, படித்துத்தான் கணிக்கிறது. எனவே உங்கள் மாட்யூலில் __ஆல்__ எழுதும்போது நேரடிப் பட்டியலாகவே எழுதுங்கள்; லூப் போட்டு நிரப்பினால் அதற்குப் புரியாது.

3. பெயர் மோதலைத் தேடுங்கள். மேலே சொன்ன வரிக்குப் பிறகு ஃபைலைத் திறக்க "ஓபன்" என்று எழுதினால், அது பைத்தானின் வழக்கமான ஓபன் அல்ல. ஓஎஸ் மாட்யூலின் ஓபன். இரண்டாவது இடத்தில் "டபிள்யூ" என்ற சரத்தைக் கொடுத்தால், அங்கே முழு எண் வேண்டும் என்று சிவப்புக் கோடு விழும். பெயரின்மேல் மவுஸை வைத்தால் எந்த ஓபன் என்பது தெரியும். எஃப்12 அழுத்தினால் அதன் வரையறைக்கே போகலாம்.

4. இப்போது நட்சத்திர வரியை அழியுங்கள். அறியாத பெயர்களின் கீழெல்லாம் கோடு விழும். ஒவ்வொன்றிலும் கன்ட்ரோல், புள்ளி இரண்டையும் சேர்த்து அழுத்தி, சரியான இம்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஓபன் போன்ற உள்ளமைந்த பெயர்களுக்கு இந்தக் கோடு விழாது. அதனால்தான் மூன்றாம் படியை முதலில் முடிக்க வேண்டும்.

5. மீண்டும் நுழையாமல் தடுங்கள். வெளி நூலகத்திலிருந்து நட்சத்திர இம்போர்ட் செய்தால் பைரைட் இயல்பாகவே எச்சரிக்கும். "ஸ்ட்ரிக்ட்" முறையில் அதையே பிழையாகக் காட்டும். உங்கள் புராஜெக்டின் சொந்த ஃபைல்களிலிருந்து செய்யும் நட்சத்திர இம்போர்ட்களை இந்த விதி கண்டுகொள்ளாது. அவற்றுக்கு ரஃப் லின்டரின் எஃப்403, எஃப்405 விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேக்கேஜின் உள் மாட்யூல்களை வெளியே காட்டும் __இனிட்__ ஃபைலில் மட்டும் நட்சத்திரத்துக்கு நியாயம் உண்டு. மற்ற இடங்களில் தேவையான பெயர்களை எழுதிவிடுங்கள். அடுத்து அந்த நிரலைத் திறப்பவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.